மூன்றாமாண்டு பிராக்டிகல்: ரெக்கார்டு மட்டும் எழுதிவிட்டு வெளியே வந்தால் போதுமா?

நித்தியகல்யாணி | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாமாண்டு, ஐந்தாம் செமஸ்டர் படிக்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பெயர் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இந்த செமஸ்டரில் மரபியலும் செல், மூலக்கூறு உயிரியலும் கோர் பேப்பர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிராக்டிகல். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். டிராசோஃபிலா (பழ ஈ) இரட்டைப் பண்புக் கலப்பு, அதாவது இரண்டு பண்புகளில் வேறுபடும் ஈக்களைக் கலப்பது, என்று தலைப்பு எழுதிப்போட்டார்கள். ஈ எதுவும் வரவில்லை. கரும்பலகையில் 160 ஈக்கள். 90, 30, 30, 10 என்று எண் எழுதி, அதை வைத்து கை-வர்க்கச் சோதனை (கிடைத்த எண், எதிர்பார்த்த 9:3:3:1 விகிதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் கணக்கு) போடச் சொன்னார்கள். 40 பேரும் ஒரே எண்ணை எழுதினோம், எல்லோருக்கும் விடை பூஜ்யம். அதற்கு முந்தைய வாரம் செல் பிரிவைப் பார்க்க வெங்காய வேர்நுனி. ஒரே ஒரு நிரந்தர ஸ்லைடு, ஒரு மைக்ராஸ்கோப், வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தோம். ஜெல் எலக்ட்ரோஃபோரிசிஸுக்கு (மின்சாரம் செலுத்தி டி.என்.ஏ.வை ஜெல்லில் பிரிப்பது) ஒரு படத்தைப் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினோம்.

எனக்கு எம்.எஸ்சி. மரபியல் பக்கம் போக ஆசை. ஜாம், காட்-பி என்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகள் இரண்டும் எழுதப் போகிறேன். தோழிகள் சொல்வது, "ரெக்கார்டை முடி, ஸ்பாட்டரை (பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரிகளை) மனப்பாடம் பண்ணு, எக்ஸ்டர்னலில் மார்க் வந்துவிடும்." வரும்தான், தெரியும். ஆனால் ஒரு சோதனையைக்கூட என் கையால் முழுசாகச் செய்யாமல் பட்டம் வாங்கப்போகிறேனே என்பது உறுத்துகிறது. மிச்சம் இருப்பது ஒன்றரை செமஸ்டர். என்ன செய்யலாம்? ஆறாம் செமஸ்டர் எலெக்டிவில் நுண்ணுயிரியலும் சூழலியலும் இருக்கின்றன. எதை எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

---

பிப்பெட்_முனை | திங்கள், இரவு 10:25

உங்கள் உறுத்தல் சரியானது. நானும் உங்களைப்போலப் படித்து வந்தவன், இப்போது பி.எச்டி. மூன்றாம் ஆண்டு.

எம்.எஸ்சி. முதல் வாரத்தில் ஜெல் ஓட்டச் சொன்னார்கள். பி.எஸ்சி. ரெக்கார்டில் அந்தப் படத்தை அழகாக வரைந்து "வெரி குட்" வாங்கியிருந்தேன். டி.என்.ஏ.வில் பாஸ்பேட் இருப்பதால் எதிர்மின்சுமை, அதனால் நேர்முனை நோக்கி ஓடும் என்று எழுதவும் தெரியும். ஆனால் ஜெல்லைத் தொட்டியில் வைத்தபோது குழிகள் இருக்கும் பக்கத்தை நேர்முனையான சிவப்பு ஒயர் பக்கம் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் நீலச்சாயம் குழியைத் தாண்டிப் பின்பக்கமாகத் தண்ணீரில் கலந்து போய்விட்டது. ஒருவர் மூன்று நாள் உழைத்துப் பிரித்த டி.என்.ஏ. அது. அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

அதனால் இப்போதே ஆரம்பியுங்கள். முதலில் மைக்ரோபிப்பெட், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி. உங்கள் துறையில் ஒன்றாவது இருக்கும், பூட்டிய அலமாரியில் இருக்கும். 20 முதல் 200 மைக்ரோலிட்டர் வரை போகிற ஒன்றைக் கேளுங்கள். அழுத்தும்போது ஒரு இடத்தில் தடை தெரியும், அது முதல் நிறுத்தம். அதையும் மீறி அழுத்தினால் இரண்டாவது. திரவத்தை எடுக்கும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். விடும்போது இரண்டாவது வரை போக வேண்டும். எடுக்கும்போதே இரண்டாவது வரை போனால் அளவு கூடிவிடும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இது.

அப்புறம் துல்லியத் தராசில் ஒரு சின்னக் குப்பியை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விடுங்கள். ஏறத்தாழ 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டு, பத்து எண்ணையும் எழுதுங்கள். முதல் நாள் 91, 104, 88 என்று சிதறும். ஒரு வாரத்தில் 99, 100, 101 என்று கூடி வரும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, தண்ணீர் மட்டும்தான்.

---

ஓய்வுபெற்ற_விலங்கியல் | செவ்வாய், காலை 6:15

அம்மா, முப்பது வருடத்துக்கும் மேல் விலங்கியல் பாடம் எடுத்தவன் நான். உங்கள் ஆசிரியர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் யாரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குப் புரியும்.

நான் படித்த காலத்தில் விலங்கியல் பிராக்டிகல் என்றால் அறுவைதான். கரப்பான், மண்புழு, தவளை, சுறா. சுறாவின் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் மண்டை நரம்புகளை ஊசியால் தூக்கிக் கறுப்புத்தாள் செருகிக் காட்டுவோம். ஃபார்மலின் வாசனை சட்டையிலிருந்து போகாது. கைக்குப் பழக்கம் வந்தது, உண்மை. ஆனால் ஒரு வகுப்புக்கு 40 தவளை, ஒரு மாநிலத்துக்கு எத்தனை கல்லூரி என்று கணக்குப் போட்டால் மனம் தாங்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்தது, 2014ல் இளநிலை, முதுநிலை இரண்டிலுமே அறுவையை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

என் வருத்தம் வேறு. அறுவை போன இடம் காலியாகவே கிடந்தது. பல துறைகளில் அந்த மூன்று மணி நேரத்தில் சார்ட்டும் மாடலும் சி.டி.யும் வந்து உட்கார்ந்துகொண்டன. அறுக்காமலே கையால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. சாக்கடை ஓரச் சேற்றில் சிவப்பாக நெளியும் கைரோனமஸ் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பாலிடீன் குரோமோசோமை (பல இழைகள் சேர்ந்து தடித்த ராட்சதக் குரோமோசோமை) பார்க்கலாம். கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி, மகாதமனி வழியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொண்டு தண்ணீர் அப்படியே நிற்கும், கீழே இறங்காது. வால்வு என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொன்னதில்லை. துறைத்தலைவர் ஒப்புதலோடு இதைப் பல வருடம் செய்தேன்.

கரும்பலகையில் எண் எழுதிப்போடுவது ஏன்? 40 பேர், இரண்டு பேட்ச், ஒரு ஆசிரியர். ரசாயனம் வருடத்துக்கு ஒருமுறை வாங்குவது. பாடத்திட்டத்தில் பன்னிரண்டு சோதனை இருக்கும், எட்டு வாரம்தான் கிடைக்கும். எக்ஸ்டர்னல் வருகிறவர் ரெக்கார்டில் எல்லாமே இருக்கிறதா என்று புரட்டுவார். அந்த நெருக்கடியில் எண்ணிக்கையைக் காட்ட வேண்டி வந்துவிடுகிறது. நானும் சில வருடம் அதைச் செய்தேன். செய்திருக்கக் கூடாது. பன்னிரண்டில் நான்கை விட்டுவிட்டு எட்டை ஒழுங்காகச் செய்திருக்கலாம், ஏன், மூன்றைச் செய்திருந்தால்கூட மேல்.

---

தரச்சோதனை | செவ்வாய், மதியம் 1:10

எல்லோரும் ரெக்கார்டை ஏதோ வேண்டாத வேலை மாதிரிப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நுண்ணுயிரியல் முடித்துவிட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என் வேலையில் பாதி எழுத்துவேலை. ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடம் நின்றதா, நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகம் எந்த பேட்ச், தட்டில் வளர்ந்ததை யார் எண்ணியது, எத்தனை மணிக்கு. எழுதாத சோதனை செய்யாத சோதனை என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

ஆனால் அங்கே எழுதுவதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. பென்சில் கூடாது. வொய்ட்னர் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு, அடியில் இருக்கும் எண் படிக்கும்படியாக. பக்கத்தில் சரியான எண், காரணம், கையெழுத்து, தேதி. தட்டில் கணக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் அதிகம் என்றே எழுத வேண்டும், அப்புறம் ஏன் வந்தது என்று விசாரணை. எண்ணை மாற்றுகிறவருக்கு வேலை போகும், போக வேண்டும். ஏனென்றால் அந்த மருந்து யாரோ ஒரு குழந்தைக்குப் போகிறது.

கல்லூரியில் என்ன பழக்குகிறோம்? "சரியான" எண் வராவிட்டால் பக்கத்துப் பெஞ்ச் எண்ணை எழுது என்று பழக்குகிறோம். மூன்று வருடம் அப்படி எழுதிய கையை வேலைக்கு எடுத்த பிறகு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற எனக்குத் தெரியும். தங்கை, நீங்கள் ரெக்கார்டை எழுதுங்கள், நன்றாகவே எழுதுங்கள். கூடவே 100 பக்க நோட்டு ஒன்று வாங்கி, செய்ததைச் செய்த நிமிடத்திலேயே பேனாவால் எழுதிவையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

---

நித்தியகல்யாணி | செவ்வாய், இரவு 8:30

ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நோட்டு இன்றே வாங்கிவிட்டேன். ஆய்வக அண்ணனிடம் கேட்டதில் பிப்பெட் இரண்டு இருக்கிறதாம், ஒன்று இன்னும் பிரிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். டிராசோஃபிலா கலப்பை எங்கள் மாதிரிக் கல்லூரியில் உண்மையிலேயே செய்ய முடியுமா? இன்குபேட்டர் இல்லை. வாழைப்பழத்தில் வரும் ஈயைப் பிடித்தால் போதுமா?

---

மாம்பழ_ஈ | செவ்வாய், இரவு 11:05

முடியும். எங்கள் கல்லூரியில் செய்தோம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வாழைப்பழத்துக்கு வரும் ஈ கலப்புக்கு உதவாது. நம் ஊரில் வருவது பெரும்பாலும் வேறு இனமாக இருக்கலாம், டிராசோஃபிலா அனனாசே போல. தவிர உங்களுக்குத் தேவை தூய கால்வழிகள், அதாவது தலைமுறை தலைமுறையாக அதே பண்பு மாறாமல் வரும் ஈக்கள். மைசூரு பல்கலைக்கழக விலங்கியல் துறையில் தேசிய டிராசோஃபிலா இருப்பு மையம் இருக்கிறது. துறைத்தலைவர் மூலமாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். உடல் கருத்த எபோனி, சிறகு குட்டையாகச் சுருங்கிய வெஸ்டிஜியல், இவை இரண்டும் போதும். முதலாவதன் மரபணு மூன்றாம் குரோமோசோமில், இரண்டாவதன் மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருப்பதால் சுதந்திரமாகப் பிரியும்.

உணவு எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம். நன்றாகக் காய்ச்சி இறக்கி, கொஞ்சம் ஆறியதும் பூஞ்சை வராமலிருக்க புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி. குப்பியில் ஊற்றி ஆறவிட்டு ஈஸ்ட் தூவ வேண்டும். ஆய்வகம் முழுக்க கேசரி வாசனை வரும்.

முதல் கலப்புக்குப் பெண் ஈக்கள் கன்னியாக இருக்க வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். காலையில் குப்பியில் ஏற்கெனவே இருக்கும் வளர்ந்த ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, மதியம் புதிதாக வந்த பெண்களை எடுப்போம். முதல் தலைமுறை ஈக்களை அவற்றுக்குள்ளேயே கலக்கும்போது கன்னித்தன்மை பார்க்கத் தேவையில்லை, எல்லாம் ஒரே மரபணுவமைப்புதான். பலர் அங்கேயும் கன்னி ஈக்களைத் தேடி ஒரு வாரத்தை வீணாக்குவார்கள். 25 டிகிரியில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 10 நாள். பெற்றோரை ஒரு வாரத்தில் அகற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு கலந்து எண்ணப்பட்டுவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் நம் வெயில். 30 டிகிரியில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். நாங்கள் முதலில் மார்ச் மாதம் ஆரம்பித்து, முட்டை இருந்தும் புழு வராமல் காரணம் தெரியாமல் தவித்தோம். அடுத்த வருடம் மார்கழியில் தொடங்கினோம். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவில் குப்பிகளை வைத்து, வாயை ஈரத்துணியால் மூடினோம். தெர்மாமீட்டர் 24க்கும் 26க்கும் நடுவில் நின்றது.

இப்போது உங்கள் கரும்பலகை எண்ணுக்கு வருகிறேன். 160 ஈயில் சரியாக 90, 30, 30, 10 வருவது நடக்கவே முடியாதது இல்லை, ஆனால் அபூர்வம். எனக்கு வந்தது இது: இயல்பானவை 98, எபோனி 27, வெஸ்டிஜியல் 29, இரண்டும் சேர்ந்தவை 6. கை-வர்க்கம் போட்டால் 0.711, 0.3, 0.033, 1.6, கூட்டினால் 2.644. மூன்று சுதந்திர அளவுக்கு (வகை நான்கு, அதில் ஒன்று கழித்து) 5 சதவீத மட்டத்தில் எல்லை 7.815. ஆக 9:3:3:1ஐ மறுக்கக் காரணமில்லை. ஆனால் 10 வர வேண்டிய இடத்தில் ஏன் 6? தற்செயலா, இல்லை குட்டைச் சிறகு ஈக்கள் வலுக்குறைந்து உணவிலேயே ஒட்டிச் செத்துப்போகின்றனவா? குப்பி அடியில் பார்த்தால் சில செத்துக் கிடந்தன. அந்தச் சோதனையின் உயிரே குறைந்துபோன அந்த 4 ஈக்களில்தான் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கரும்பலகை எண்ணில் அந்தக் கேள்வி எழவே எழாது.

மெண்டலின் பட்டாணிக் கணக்கே எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கிறது என்று 1936ல் புள்ளியியலாளர் ஃபிஷர் எழுதினார். அதைப்பற்றி எத்தனையோ வருடம் விவாதம் நடந்தது. மெண்டலிடமே அந்தக் கேள்வியைக் கேட்ட துறை இது. 40 பேருக்கும் பூஜ்யம் வந்தால் நாம் கேட்க வேண்டாமா?

---

வெள்ளாற்றங்கரை | புதன், காலை 7:50

எலெக்டிவ் பற்றி யாரும் சொல்லவில்லை. சூழலியலை எடுங்கள் என்பேன். மூலக்கூறு உயிரியல் பக்கம் போகிறவர்கள் சூழலியலை லேசான பேப்பர் என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படித்தேன். பிச்சாவரம் சதுப்புநிலத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று மாதிரி எடுத்தபோதுதான், ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் கல்லூரியிலேயே செய்யக்கூடியது, விங்க்ளர் முறையில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது. மேல்நிலைப் பள்ளியில் டைட்ரேஷன் செய்திருப்பீர்கள், அதே கருவிகள்தான். 300 மில்லி பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, அங்கேயே கரையில் நின்று மாங்கனஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு 2 மில்லி விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்புப் படிவு, இல்லாவிட்டால் வெள்ளை. கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டால் வழியிலேயே அளவு மாறிவிடும். பிறகு அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டுப் படிவைக் கரைத்து, அதில் 200 மில்லி எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டில் ஸ்டார்ச் வைத்து டைட்ரேட் செய்தால், எத்தனை மில்லி ஆனதோ லிட்டருக்கு ஏறத்தாழ அத்தனை மில்லிகிராம்.

ஊர்க் கோயில் தெப்பக்குளம் பச்சையாக இருக்கிறதா? விடியற்காலை 5 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் எடுத்துப் பாருங்கள். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் கொள்ளக்கூடியது லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவு. பாசி நிறைந்த குளத்தில் மதியம் அதைத் தாண்டிவிடும். இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சுவிட்டு, விடியலில் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். சில குளங்களில் மீன்கள் ஏன் விடியற்காலையில் செத்து மிதக்கின்றன என்பதற்கு விடை உங்கள் பியூரெட்டில் இருக்கும். ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே நாளில், ஒரே குளத்தில். கோயில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், தனியாகப் போக வேண்டாம்.

---

யாழ்_செயன்முறை | புதன், மாலை 5:20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தாவரவியல் சிறப்புப் பட்டம் செய்தேன். எங்களுக்கு அது நான்கு வருடம். நான்காம் வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். மூன்றாம் வருடம் வரை எங்கள் செயன்முறை வகுப்புகளும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன மாதிரித்தான். நான்காம் வருடத்தில் ஒரே கேள்வியோடு ஏழெட்டு மாதம் இருந்தபோதுதான் என் கை என்னுடையதானது.

தங்கச்சி, நீங்கள் வெங்காய வேரைச் செய்யுங்கோ. சின்ன வெங்காயம் போதும், அதற்கும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) 16தான். தண்ணீரில் அடி மட்டும் படும்படி வைத்தால் மூன்று நாளில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வேர் வரும். நுனியை வெட்டி, எதைல் அற்ககோலும் அசற்றிக் அமிலமும் 3:1ல் கலந்த திரவத்தில் ஒரு நாள் வையுங்கோ. பிறகு 70 வீத அற்ககோலில் மாதக்கணக்கில் கிடக்கும். எடுத்து 1 நார்மல் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் 60 பாகையில் சில நிமிடம், கழுவி, அசற்றோகாமைன் அல்லது அசற்றோஓர்சீன் சாயம், மூடித்துண்டு வைத்து, ஒற்றுத்தாளுக்கு இடையில் பெருவிரலால் நேராக அமத்தவேணும். வழுக்கினால் கலமெல்லாம் (செல்லெல்லாம்) சுருண்டுவிடும். நுனியில் இரண்டு மில்லிமீற்றர் மட்டும் போதும், மேலே போனால் பிரிகிற கலமே இராது.

எங்கள் வகுப்பில் எல்லோரும் காலை ஒன்பது மணிக்கு வெட்டவேணும் என்று சொல்லித்தந்தார்கள். ஏன் ஒன்பது என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கோ. ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒரு மணி என்று நான்கு நேரம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆயிரம் கலம் எண்ணி, எத்தனை இழையுருப்பிரிவில் (மைட்டோசிஸ் என்ற செல் பிரிவில்) இருக்கிறது என்று பாருங்கோ. வேண்டியது ஒரு நுணுக்குக்காட்டியும் (மைக்ராஸ்கோப்பும்) பொறுமையும்தான்.

---

கௌரவ_விரிவுரை | புதன், இரவு 9:15

நான் மறுபக்கத்தில் இருப்பவள், கௌரவ விரிவுரையாளர். எப்படிக் கேட்பது என்பதை மட்டும் சொல்கிறேன், இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்.

"எங்களுக்கு எதுவுமே சொல்லித்தரவில்லை" என்று துறைத்தலைவரிடம் போகாதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நாங்கள் நான்கு பேர், மூன்று சனிக்கிழமை, ஒரு மைக்ராஸ்கோப், இவ்வளவு மில்லி சாயம், வெங்காயம் நாங்களே வாங்கிவருகிறோம், முடித்ததும் கழுவிவைக்கிறோம். அளவு எழுதியிருந்தால் "சரி" சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும். ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் அதற்கு முன்பே பேசிவிடுங்கள். சனிக்கிழமை சாவி அவர் கையில்தான் இருக்கும், எந்தச் சாயம் பழசாகிவிட்டது என்று அவருக்குத்தான் தெரியும். எனக்கு அகர் ஊற்றக் கற்றுக்கொடுத்ததே அப்படி ஒரு அண்ணன்தான்.

உங்கள் கல்லூரியில் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இளநிலை ஆய்வகங்களுக்காகவே 2008ல் தொடங்கிய திட்டம் அது. இருந்தால் மாணவர் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கலாம். கோடை விடுமுறைக்கு, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் எழுத உங்கள் வெங்காயமே போதும்.

---

பிப்பெட்_முனை | புதன், இரவு 11:30

ஆர்வத்தில் யாரும் வீட்டில் நுண்ணுயிர்த் தட்டு வளர்க்க வேண்டாம். எது வளர்கிறது என்று தெரியாது. கல்லூரியில் வளர்த்தாலும் ஆட்டோகிளேவ் செய்துதான் கொட்ட வேண்டும். ஈக்களை மயக்க ஈதர் எடுத்தால் பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. ஜெல் சாயம் எத்திடியம் புரோமைடாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது டி.என்.ஏ. படிகளுக்கு நடுவே போய் உட்காரும் பொருள். இரத்த வகை பார்க்கும்போது ஒரு ஆளுக்கு ஒரு லான்செட் (விரல் குத்தும் ஊசி), அவ்வளவுதான்.

---

நித்தியகல்யாணி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:00

எல்லோருக்கும் திரும்பவும் வணக்கம். துறைத்தலைவர் மேடம் தாளைப் படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டார், சாயம் புதிதாகவே வாங்கித்தந்தார். நான்கு பேர் சேர்ந்து செய்தோம். முதல் சனிக்கிழமை முழுக்க ஒரு ஸ்லைடுகூட உருப்படவில்லை, எல்லாம் வழுக்கிச் சுருண்டது. இரண்டாவது சனிக்கிழமை மதியம் என் ஸ்லைடில் ஒரு அனாஃபேஸ் (குரோமோசோம்கள் பிரிந்து விலகும் கட்டம்) தெரிந்தது. இரண்டு பக்கமும் இழுபடும் குரோமோசோம்கள், விரல் விரித்த மாதிரி. ஆய்வக அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது வருடமாக ஸ்லைடு எடுத்துக்கொடுக்கிறேன், யாரும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை என்றார். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆயிரம் செல்லுக்கு எத்தனை பிரிவில் இருந்தன என்ற கணக்கு: முதல் தடவை ஏழு மணிக்கு 48, ஒன்பதுக்கு 73, பதினொன்றுக்கு 66, ஒரு மணிக்கு 41. ஒன்பதுதான் உச்சம் என்று சந்தோஷப்பட்டோம். அடுத்த வாரம் புது வெங்காயத்தில் அதையே செய்தால் 52, 58, 81, 44. உச்சம் பதினொன்றுக்குப் போய்விட்டது. ஒருத்தி முதல் தடவையை மட்டும் எழுதலாம் என்றாள். தரச்சோதனை அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது, இரண்டையும் எழுதிவிட்டோம். ஆனால் எது சரி என்று தெரியவில்லை. அறையின் வெப்பம் மாறியதாலா?

---

ஓய்வுபெற்ற_விலங்கியல் | ஞாயிறு, மாலை 6:45

ரொம்ப மகிழ்ச்சியம்மா. ஒரு கேள்வி கேட்கிறேன். நான்கு ஸ்லைடு, நான்கு பேர். எந்த ஸ்லைடை யார் எண்ணினீர்கள்? இரண்டு தடவையும் ஒரே ஆள் ஒரே நேரத்தின் ஸ்லைடை எண்ணினாரா?

---

நித்தியகல்யாணி | ஞாயிறு, இரவு 8:10

ஐயா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, பக்கத்தில் பெயர் எழுதியிருந்தோம். முதல் தடவை ஒன்பது மணி ஸ்லைடை எண்ணியவளும் இரண்டாம் தடவை பதினொரு மணி ஸ்லைடை எண்ணியவளும் ஒரே தோழிதான். போன் செய்து கேட்டேன். நியூக்ளியஸ் கொஞ்சம் கருத்துத் துகள்துகளாகத் தெரிந்தாலே ஆரம்ப புரோஃபேஸ் (செல் பிரிவின் முதல் கட்டம்) என்று எண்ணியிருக்கிறாள். நாங்கள் மூவரும் இழை பிரிந்து தெரிந்தால்தான் எண்ணினோம்.

---

ஓய்வுபெற்ற_விலங்கியல் | ஞாயிறு, இரவு 8:40

அவள் மேல் தப்பில்லை, நால்வரும் முன்கூட்டி விதி பேசவில்லை. எதை புரோஃபேஸ் என்று எண்ணுவது என்று நால்வரும் மைக்ராஸ்கோப்பில் ஒரே இடத்தைப் பார்த்து முடிவு செய்து, நோட்டில் எழுதுங்கள். பிறகு ஸ்லைடின் பெயர்ச்சீட்டு மேல் தாள் ஒட்டி, வேறு ஒருவரை வைத்து எண் போடச் சொல்லுங்கள். எது எத்தனை மணி ஸ்லைடு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு ஸ்லைடையும் நால்வரும் எண்ண வேண்டும். பழைய எண்களை அடிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

---

நித்தியகல்யாணி | ஞாயிறு, இரவு 9:05

செய்கிறோம் ஐயா. வேர்கள் 70 சதவீத ஆல்கஹாலில் இன்னும் இருக்கின்றன, எட்டு பாட்டிலும். ஆய்வக அண்ணனே தாள் ஒட்டி எண் போட்டுத் தருகிறேன் என்றார், பட்டியலைத் தன் பூட்டிய அலமாரியிலேயே வைத்துக்கொள்வாராம். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மைக்ராஸ்கோப் கேட்டிருக்கிறேன்.